கமிஷன் வாங்குகிறவர் யாருடைய ஆள்?

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் எங்கள் ஊராட்சிக் கூட்டமைப்பில் கணக்கு எழுதுகிறவள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டம் சார்ந்த தன்னார்வலராகப் பயிற்சி எடுத்தவள். வக்கீல் இல்லை. "விளைஞ்ச பொருளை விக்கறதுல நமக்கு என்ன உரிமை இருக்கு, அதைப் பத்திப் பேசும்மா" என்று தலைவி அக்கா சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இன்றைக்கு இதைப் பேசக் காரணம் இருக்கிறது. இந்தப் பருவத்திலிருந்து குழுக்களின் காய்கறியையும் வேர்க்கடலையையும் ஒரே இடத்தில் சேர்த்து, கூட்டமைப்பு மூலமாகவே விற்கலாம் என்று மதியம் தீர்மானம் போடப் போகிறோம். அப்படி விற்றால் ஏலம் போடுகிறவர், மண்டிக்காரர், தரகர் இவர்களோடு நமக்குப் பெரிய தொகையில் வரவு செலவு வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெளிவாக இருக்க வேண்டும். நம் பொருளை கமிஷனுக்கு விற்றுத் தருகிறவர் நமக்கு முதலாளி இல்லை. அவர் நம்ம ஆள். நம் சார்பில் வேலை செய்கிறவர். நம்மில் பலர் இதைத் தலைகீழாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மண்டி வாசலில் போய், "அண்ணே, ஏதோ பாத்துக் குடுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். நம் பணத்தை நாமே கெஞ்சி வாங்குகிறோம்.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். (ஏலம் என்றதும் சிலருக்கு ஏலச்சீட்டு ஞாபகம் வரும். நான் பேசுவது அது இல்லை. பொருளை ஏலம் போட்டு விற்பதைப் பற்றிப் பேசுகிறேன்.) நம் பொருள் இரண்டு விதமாகக் கை மாறுகிறது. ஒன்று, எதிரில் இருப்பவரே வாங்குகிறார். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுகிறோம். அங்கே நுகர்பொருள் வாணிபக் கழகம் அரசு அறிவித்த விலைக்கு நெல்லை வாங்கிக்கொள்கிறது. அது வாங்குகிறவர், நாம் விற்கிறவர். அதேபோல ஒரு வியாபாரி வயலுக்கே வந்து, "மூட்டை இவ்வளவு" என்று பேசி எடுத்துக்கொண்டு போனால், அவர் அதை வேறு இடத்தில் எத்தனை ரூபாய்க்கு விற்றார் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. பேசிய விலையைக் கொடுத்தால் அவர் கடமை முடிந்தது.

இரண்டாவது விதம் வேறு. நாம் மூட்டையை வேனில் ஏற்றி மண்டிக்கு அனுப்புகிறோம். மண்டிக்காரர் அதை ஏலம் கூறியோ, பேரம் பேசியோ வேறு ஒருவருக்கு விற்கிறார். வந்த பணத்தில் கமிஷன், இறக்குக்கூலி எல்லாம் பிடித்துக்கொண்டு மிச்சத்தை நமக்கு அனுப்புகிறார். இங்கே அவர் வாங்குகிறவர் இல்லை. சட்டத்தில் இவருக்கு முகவர் என்று பெயர். நம் பேச்சில் ஏஜென்ட். அடையாளம் சுலபம்: சீட்டில் 'கமிஷன்' என்று பிடித்திருக்கிறாரா? பிடித்திருந்தால் அவர் நம் முகவர். கமிஷனும் வாங்கிக்கொண்டு, "நான் வியாபாரி, எனக்கு என்ன விலைக்குப் போச்சுன்னு உனக்கு எதுக்கும்மா?" என்று அவர் கேட்க முடியாது.

முகவருக்கு என்ன கடமை என்பதை இந்திய ஒப்பந்தச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டுச் சட்டம். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இன்னும் நடப்பில் இருக்கிறது. அதில் முகவரைப் பற்றி 182-ஆம் பிரிவிலிருந்து 238 வரை இருக்கிறது. எல்லாம் நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டிய கடமைகளை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் கடமை, சொன்னபடி செய்வது. பிரிவு 211. "கிலோ 20 ரூபாய்க்குக் கீழே விற்க வேண்டாம்" என்று நாம் சொல்லி அனுப்பினால் அதன்படி நடக்க வேண்டும். நாம் எதுவும் சொல்லவில்லை என்றால் அந்த இடத்தில் அந்தத் தொழிலில் என்ன வழக்கமோ அப்படி நடக்க வேண்டும். மாற்றிச் செய்து நஷ்டம் வந்தால் அவர் ஈடு கட்ட வேண்டும். மாற்றிச் செய்து லாபம் வந்தால் அந்த லாபத்துக்கும் நமக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அதனால் சொல்வதை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மூட்டையோடு அனுப்புங்கள், இல்லை என்றால் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நாம் எதுவும் சொல்லாமல் விட்டால் மண்டி வழக்கம்தான் நமக்குச் சட்டம்.

இரண்டாவது கடமை, பொறுப்பாகவும் திறமையாகவும் செய்வது. பிரிவு 212. அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் எவ்வளவு கவனமாகச் செய்வாரோ அவ்வளவு கவனம் வேண்டும். விடியற்காலை வந்த காயை மதியம் வரை வெயிலில் போட்டு வாட விட்டுவிட்டு, "உங்க காய் வாடிப்போச்சும்மா" என்றால், வாட விட்டது யார் என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது கடமை, கேட்டால் கணக்குக் காட்டுவது. பிரிவு 213. இது ரொம்ப முக்கியம். நாம் கேட்கிற அன்றைக்கு அவர் சரியான கணக்கைக் கொடுக்க வேண்டும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 40 கிலோ மூட்டை 20 அனுப்புகிறோம், மொத்தம் 800 கிலோ வெண்டைக்காய். கிலோ 25 ரூபாய்க்குப் போனால் 20,000 ரூபாய். கமிஷன் நூற்றுக்குப் பத்து என்று வைத்தால் 2,000. கூலி தனி. இது நேர்மையான கணக்கு. ஆனால் 25-க்கு விற்றுவிட்டுச் சீட்டில் 22 என்று எழுதினால்? 800 கிலோவுக்கு 3 ரூபாய் வீதம் 2,400 ரூபாய் காணாமல் போகிறது. நாம் கமிஷன் 10-ஆ 8-ஆ என்று சண்டை போடுகிறோம். கமிஷனை விடப் பெரிய தொகை விலையில் மறைந்து போவதைப் பார்ப்பதில்லை. அதனால் 'மொத்தம் இவ்வளவு, நிகரம் இவ்வளவு' என்று ஒரு வரிச் சீட்டு கொடுத்தால் வாங்காதீர்கள். எத்தனை மூட்டை, எத்தனை கிலோ, என்ன விலை, கழிவு எவ்வளவு, எதற்காக என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

நான்காவது கடமை, சிக்கல் வந்தால் நம்மைக் கேட்பது. பிரிவு 214. விலை திடீரென்று விழுந்தால் போன் பண்ணிக் கேட்க வேண்டும். ஆனால் ஒன்று, நியாயமாகப் பேச வேண்டும். அழுகிப் போகிற பொருளாக இருந்து, நம்மைத் தொடர்புகொள்ளவும் முடியாமல், நம்மை நஷ்டத்திலிருந்து காப்பாற்றுவதற்காகக் கிடைத்த விலைக்கு அவர் தள்ளிவிட்டால், சட்டம் அவரைக் குறை சொல்லாது. பிரிவு 189. நாம் போனை ஆஃப் பண்ணி வைத்துவிட்டு அவரைத் திட்டக் கூடாது.

ஐந்தாவது கடமை, நம்மிடம் சொல்லாமல் தானே வாங்கிக்கொள்ளாமல் இருப்பது. பிரிவு 215, 216. மண்டிக்காரர் தம்பி பெயரில், மச்சான் பெயரில் குறைந்த விலைக்கு வாங்கி, பக்கத்துக் கடையில் கூடுதலாக விற்றால், அது நமக்குத் தெரிய வந்தால், முக்கியமான விஷயத்தை மறைத்தார் என்றோ நமக்கு அதனால் நஷ்டம் என்றோ காட்டி அந்த விற்பனையை நாம் மறுக்கலாம். அதில் அவர் அடைந்த ஆதாயத்தையும் கேட்கலாம். விற்கிறவர் சார்பில் நிற்கிறவரே வாங்குகிறவராகவும் மாறிவிட்டால் நல்ல விலைக்கு யார் பேசுவது? அதனால்தான் இந்தச் சட்டம்.

ஆறாவது கடமை, வந்த பணத்தைக் கொடுப்பது. பிரிவு 217, 218. நமக்காகக் கொடுத்த முன்பணம், செய்த செலவு, கமிஷன் இவற்றைப் பிடித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. மிச்சம் முழுக்க நம் பணம். நம் பணத்தை அடுத்த லோடு அனுப்பினால்தான் தருவேன் என்று நிறுத்தி வைக்க முடியாது. இன்னும் ஒன்று: வேலையில் முறைகேடு செய்த முகவருக்கு, அந்த முறைகேடு நடந்த வேலைக்குக் கமிஷனே கிடையாது என்று பிரிவு 220 சொல்கிறது. நாம் ஒரு மண்டிக்கு அனுப்பியதை, நம்மைக் கேட்காமல் இன்னொரு மண்டிக்குக் கை மாற்றுவதும், தொழில் வழக்கம் அப்படி இருந்தால் ஒழிய, கூடாது.

இதெல்லாம் காகிதத்தில் இருக்கும், நடக்குமா என்று கேட்பீர்கள். எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். யார், எந்த மண்டி என்று பெயர் வேண்டாம். எங்கள் குழு அக்கா ஒருவர் அரை ஏக்கரில் வெண்டை போட்டிருந்தார். விதைக்கும் உரத்துக்கும் சங்கிலியை அடகு வைத்திருந்தார். நான்கு லோடு அனுப்பினார். 18,400 ரூபாய் வரவேண்டும். வரவில்லை. போன் பண்ணினால், "வாங்கின பார்ட்டி கடையைப் பூட்டிட்டுப் போயிட்டான்மா, நான் என்ன பண்றது? அவன் குடுத்தா நான் குடுக்கறேன்" என்றார்கள். மூன்று மாதம் ஓடியது. நகையை மீட்க வேண்டிய தேதி நெருங்கிவிட்டது. அக்கா, "விடுமா, நம்ம தலையெழுத்து" என்று சொல்லிவிட்டார்.

நான் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த 1872 சட்டத்தில் பல பிரிவுகளுக்குக் கீழே சின்னச் சின்ன உதாரணம் இருக்கும். 211-க்குக் கீழே இப்படி ஓர் உதாரணம்: கடனுக்கு விற்கும் வழக்கம் இல்லாத தொழிலில் ஒரு தரகர் கடனுக்கு விற்றுவிடுகிறார், வாங்கியவர் திவாலாகிறார். அப்போது நஷ்டம் தரகருடையது. 212-க்குக் கீழே இன்னொன்று: கடனுக்கு விற்க அனுமதி இருந்தாலும், வாங்குகிறவர் பணம் கொடுக்கும் நிலையில் இருக்கிறாரா என்று வழக்கமாக விசாரிக்க வேண்டியதை விசாரிக்காமல் விற்றால், அப்போதும் நஷ்டத்தை முகவர்தான் ஈடு கட்ட வேண்டும். காய்கறி மண்டிகளில் சில்லறைக் கடைக்காரர்களுக்குக் கடனுக்குக் கொடுப்பது பல இடங்களில் வழக்கமாகத்தான் இருக்கிறது. அதனால் முதல் உதாரணத்தை மட்டும் வைத்து நாம் பேச முடியாது. ஆனால் விசாரித்ததில், அந்தக் கடைக்காரர் ஏற்கெனவே அந்த மண்டிக்கே பழைய பாக்கி வைத்திருந்தவர். பாக்கிக்காரர் என்று தெரிந்தே அக்காவின் காயை அவரிடம் கடனுக்கு விட்டிருக்கிறார்கள். அது இரண்டாவது உதாரணத்துக்குள் வருகிறது.

குழுவில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். திட்டி ஒரு வார்த்தை இல்லை. எந்தத் தேதியில் எத்தனை மூட்டை, வேன் வாடகை ரசீது, மண்டிச் சீட்டின் நகல் எல்லாம் வைத்தோம். நீங்கள் எங்கள் முகவர், 213-ஆம் பிரிவின்படி கணக்கும் 218-ஆம் பிரிவின்படி பணமும் கேட்கிறோம் என்று எழுதி, குழுத் தலைவியும் அக்காவும் கையெழுத்துப் போட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். 18 நாள் கழித்து மண்டிக்காரரே போன் பண்ணினார். "இப்படி ஒரு சட்டம் இருக்கறது எனக்கே தெரியாதும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னார். கமிஷன் போக மிச்சத்தை மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் போட்டார். அக்கா நகையை மீட்டுவிட்டார். அதே மண்டிக்குத்தான் இன்றும் காய் போகிறது. ஆனால் இப்போது "கடனுக்கு விற்றால் பொறுப்பு உங்களுடையது" என்று ஒரு வரி எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறோம்.

இனி ஏலத்தைப் பற்றி. ஏலத்துக்கென்று சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இல் 64-ஆம் பிரிவு இருக்கிறது. ஏலம் முடிந்தது என்று சுத்தியல் தட்டியோ, அங்கே வழக்கமான முறையிலோ அறிவிக்கும்போதுதான் விற்பனை முடிகிறது. அதுவரை கேட்டவர் தன் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். குறைந்தபட்ச விலை ஒன்றை முன்கூட்டியே அறிவிக்க நமக்கு உரிமை உண்டு. இந்தப் பிரிவு நம் கையையும் கட்டுகிறது. 'விற்கிறவரும் ஏலம் கேட்பார்' என்று முன்பே அறிவிக்காமல், நம் ஆளை வைத்து விலையை ஏற்றிக் கேட்கக் கூடாது. அப்படிப் பொய்யாக ஏற்றினால் வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம். ஏலம் நடத்துகிறவரும் தெரிந்தே அந்தக் கேள்வியை ஏற்கக் கூடாது. நேர்மை இரண்டு பக்கமும் வேண்டும்.

மாட்டுச் சந்தையில் பார்த்திருப்பீர்கள், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். தரகருக்கும் வாங்குகிறவருக்கும் என்ன விலை முடிந்தது என்று மாட்டைக் கொண்டுபோன நமக்குத் தெரியாது. நமக்காகப் பேசும் தரகர் துண்டுக்குள் என்ன பேசினாலும், வெளியே வந்து நம்மிடம் நிஜ விலையைச் சொல்லக் கடமைப்பட்டவர்.

அடுத்தது முன்பணம். இதைக் கவனமாகக் கேளுங்கள். பயிர் வைக்கும்போது மண்டியில் முன்பணம் வாங்குகிறோம். வட்டி இல்லை என்று சந்தோஷப்படுகிறோம். பிரிவு 202 என்ன சொல்கிறது தெரியுமா? சரக்கின் பேரில் முன்பணம் கொடுத்த முகவரிடம், விற்றுக் கழித்துக்கொள்ளச் சொல்லி அந்தச் சரக்கை ஒப்படைத்துவிட்டால், அவருடைய அந்த உரிமைக்குப் பாதகமாக நாம் பாதியில் அவரை நீக்க முடியாது. அவரிடமிருந்து எடுத்து வேறு இடத்தில் நல்ல விலை கிடைக்கிறது என்று போக முடியாது. சட்டத்தில் இதற்கு உதாரணமாக ஆயிரம் பேல் பருத்தியைச் சொல்லியிருக்கிறார்கள். நமக்கு ஆயிரம் பேல் வேண்டாம், ஐயாயிரம் ரூபாய் முன்பணம் போதும், கை கட்டப்பட்டுவிடும். நம் குழுவிலும் கூட்டமைப்பிலும் கடன் வசதி இருக்கும்போது முன்பணத்துக்கு மண்டியைத் தேடிப் போவது ஏன் என்று யோசியுங்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், எவ்வளவு வாங்கினோம், எப்போது கழிந்தது என்று நம் நோட்டிலும் எழுதி வையுங்கள்.

வேறு வழி என்ன இருக்கிறது? நம் உத்திரமேரூரிலேயே ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. அங்கே மறைமுக ஏலம். வியாபாரிகள் ஒவ்வொருவரும் தாங்கள் கொடுக்கும் விலையை மற்றவருக்குத் தெரியாமல் எழுதிப் போடுவார்கள். பிரித்துப் பார்த்து அதிக விலை போட்டவருக்கு. அந்த விலை பிடிக்கவில்லை என்றால் விற்க மாட்டேன் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. விவசாயியிடம் கமிஷன் கிடையாது. சந்தைக் கட்டணம் நூற்றுக்கு ஒன்று, அதை வாங்குகிற வியாபாரிதான் கட்டுகிறார். எடையும் அங்கேயே போடுகிறார்கள். தமிழ்நாடு வேளாண் விளைபொருள் சந்தைப்படுத்துதல் ஒழுங்குமுறைச் சட்டம், 1987-இன் கீழ் இது நடக்கிறது. 2016-இல் வந்த தேசிய மின்னணு வேளாண் சந்தையோடு இணைந்த கூடங்களில் ஏலம் கம்ப்யூட்டர் வழியாக நடந்து, பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. வேர்க்கடலையும் நெல்லும் வைத்திருப்பவர்கள் முதலில் அங்கே போய் விலையைக் கேளுங்கள். காய்கறிக்கு 1999-இல் தொடங்கிய உழவர் சந்தை இருக்கிறது. அங்கே நாமே விற்கிறோம், நடுவில் ஆளே இல்லை. ஆனால் தினமும் விடியற்காலை போய் உட்கார எல்லோராலும் முடியாது. அதனால் மண்டியும் நமக்கு வேண்டும்தான். மண்டிக்காரர் எல்லோரும் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நாம் அனுப்புகிற காயை அன்றைக்கே விற்றுத் தருவதற்கு அவருக்குத் திறமை வேண்டும், தெரிந்த ஆள் வேண்டும். அந்த உழைப்புக்குத்தான் கமிஷன். அதை நாமும் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். அடியில் சொத்தைக் காயை வைத்து மேலே நல்ல காயை அடுக்கி அனுப்பினால், அவர் பேர் கெடும். அதனால் வரும் நஷ்டத்துக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

நம் மாநிலத்திலேயே போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. அங்கே ஏலம் நடத்துகிற நிறுவனம் விவசாயியின் ஏலக்காயை விற்றுத் தருகிறது. அதற்கு நறுமணப் பொருட்கள் வாரியத்தின் உரிமம் வேண்டும். 1987-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அடுத்தவர் பொருளை விற்கிறவருக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று அரசே நினைத்திருக்கிறது.

கட்டுப்பாடு ஏழைகள் சந்தைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். லண்டனில் தொடங்கிய சோத்பீஸ், கிறிஸ்டீஸ் என்று இரண்டு பெரிய ஏல நிறுவனங்கள். கோடிக்கணக்கான ரூபாய் ஓவியம், நகை எல்லாம் அங்கேதான் ஏலம் போகும். பொருளைக் கொடுக்கிறவர்களிடம் எவ்வளவு கமிஷன் பிடிப்பது என்று இவர்கள் இரண்டு பேரும் 1990-களில் ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டார்கள். எந்தக் கடைக்குப் போனாலும் அதே கமிஷன், பேரமே கிடையாது. 2000-இல் அது வெளியே வந்தது. வாடிக்கையாளர்களுக்கு இரண்டு பேரும் சேர்ந்து 51.2 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். சோத்பீஸின் முன்னாள் தலைவர் அமெரிக்காவில் சிறைக்குப் போனார். கணக்கை யாரும் கேட்கவில்லை என்றால் பெரிய இடத்திலும் இதுதான் நடக்கிறது.

இப்போது மதியத் தீர்மானத்துக்கு வருகிறேன். இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கலாம். இருந்தாலும் சொல்லியாக வேண்டும். இதுவரை மண்டிக்காரரின் கடமையைப் பேசினோம். நாளைக்கு நம் சேகரிப்பு மையத்தில் ஒரு குழு உறுப்பினர் தன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போகிறார். அதை விற்றுக் கொடுக்கப் போவது யார்? நாம். கூட்டமைப்பு. கிலோவுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணமும் பிடிக்கப் போகிறோம். அப்படியானால் அந்த உறுப்பினருக்கு நாம்தான் முகவர். நான் சொன்ன ஆறு கடமையும் அப்படியே நம் தலையில் ஏறி உட்காருகிறது. அக்கா தங்கை என்று கூப்பிட்டுக்கொள்வதால் எந்தப் பிரிவும் தளர்ந்துவிடாது.

நம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நாம் தினம் அதைத் தாண்டிப் போகிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டியது. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஆள் தேர்ந்தெடுத்ததைப் படித்திருப்போம். அந்தச் சபையில் பெண்களுக்கு இடம் இல்லை, நிலம் இல்லாதவர்களுக்கும் இடம் இல்லை. நாம் அன்றைக்கு இருந்திருந்தால் மண்டபத்துக்கு வெளியேதான் நின்றிருப்போம். ஆனாலும் அதில் உள்ள ஒரு விதி நமக்கு வேண்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருடைய பெயரை மறுபடி குடத்தில் போடக் கூடாது. அவர் மட்டும் இல்லை, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்கள் பெயரையும் போடக் கூடாது. ஊர்ப் பணத்தைக் கையில் வாங்கியவர் கணக்குக் காட்டியே ஆக வேண்டும் என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த ஊர் இது.

அதனால் தீர்மானத்தில் மூன்று விஷயம் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, எந்த மண்டிக்கு அனுப்பினாலும் கமிஷன், கூலி, எத்தனை நாளில் பணம், கடனுக்கு விற்றால் யார் பொறுப்பு இந்த நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு, விற்ற விலை, பிடித்த தொகை, உறுப்பினருக்குக் கொடுத்த தொகை மூன்றையும் வாரா வாரம் சேகரிப்பு மையப் பலகையில் எழுதிப் போட வேண்டும். மண்டிச் சீட்டைக் கேட்கும் எந்த உறுப்பினருக்கும் காட்ட வேண்டும். மூன்று, நிர்வாகத்தில் இருப்பவரோ அவர் வீட்டாரோ சேகரித்த பொருளை வாங்குவதாக இருந்தால், முன்கூட்டியே கூட்டத்தில் சொல்லி, உறுப்பினர்கள் சம்மதித்த பிறகுதான் வாங்க வேண்டும். நம்மில் சிலர் வீட்டில் வேன் இருக்கிறது, சிலர் வீட்டில் கடை இருக்கிறது. அது தப்பு இல்லை. மறைப்பதுதான் தப்பு. யாரையும் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. நாளைக்கு யாரையும் சந்தேகப்படும்படி ஆகக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

கடைசியாக, பணம் வராவிட்டால் என்ன செய்வது? முதலில் கடிதம். எங்கள் அக்காவுக்கு நடந்தது போலப் பல நேரம் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்கள் எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்தால் நீதிமன்றக் கட்டணம் இல்லை, அந்த முடிவு தீர்ப்புக்குச் சமம். காலம் தாழ்த்தாதீர்கள். பணத்துக்கு வழக்குப் போட பொதுவாக மூன்று வருஷம்தான் கெடு. எடையில் சந்தேகம் இருந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம், தராசில் அரசு முத்திரை இருக்க வேண்டும். நம்பி ஒப்படைத்த பொருளை முகவர் வேண்டுமென்றே கையாடினால் அது குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆம் பிரிவில் வருகிறது. ஆனால் தாமதத்துக்கெல்லாம் போலீஸ் என்று போகாதீர்கள். கணக்கு முதலில், கோர்ட் பிறகு, போலீஸ் கடைசி.

எல்லாவற்றுக்கும் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் எந்தப் பிரிவும் நமக்கு உதவாது. வீட்டுக்குப் போனதும் ஒரு பழைய பிளாஸ்டிக் கவரை எடுத்து, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் மாட்டி, வேன் ரசீது, மண்டிச் சீட்டு எல்லாவற்றையும் அதில் போட்டு வையுங்கள். மாதக் கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கவரை எடுத்து வாருங்கள். குழுக் கணக்கோடு அந்தக் கணக்கையும் உட்கார்ந்து பார்ப்போம். எழுதத் தெரியாத அக்காக்களுக்கு நானும் மற்றக் கணக்காளர்களும் எழுதித் தருகிறோம்.